பூட்டிய அலமாரி

ஆண்டிபட்டியில் காலை முதல் பஸ்ஸில் மதுரைக்குச் செல்லும் ஜனங்களில் பல விதத்தார் உண்டு. நூல் வாங்கச் செல்லும் நெசவாளர், கோர்ட்டுக்குச் செல்லும் குடியானவர், காலேஜுக்குச் செல்லும் வாலிபர் ஆகியோரை எல்லோரும் அறிவர். இவர்கள் நடுவில், ஒரு மருந்துச் சீட்டையும் காலியான மாத்திரை அட்டையையும் மடியில் வைத்துக்கொண்டு கணவாயைக் கடந்து செல்லும் தகப்பனை யாரும் கவனிப்பதில்லை. அவனுடைய பிரயாணத்தைப் பற்றியே இன்று எழுதத் துணிந்தோம்.

சக்கம்பட்டியில் தறி நெய்து பிழைக்கும் ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பையனுக்கு வயது ஒன்பது. அறிவில் குறைந்தவன் அல்ல. கதை கேட்டால் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்வான். ஆனால் பாடம் நடக்கையில் பத்து நிமிஷம் ஓரிடத்தில் உட்காரமாட்டான். எடுத்த வேலையை முடிக்கமாட்டான். கேட்ட கேள்வி முடியுமுன்னரே பதில் சொல்லி ஏச்சுக் கேட்பான். வீதியில் வண்டி வருவதைப் பாராமல் குறுக்கே ஓடுவான். பள்ளியில் இரண்டு வருஷம் பிரம்படி பட்ட பிறகு, யாரோ ஒரு நல்ல உபாத்தியாயர் சொல்லி, மனோவைத்திய நிபுணரிடம் அழைத்துச் சென்றார்கள். நோயின் பெயரும் தெரிந்தது. மருந்தின் பெயரும் தெரிந்தது. மருந்து சாப்பிட்ட மாதங்களில் பையன் எழுத்துக் கூட்டிப் படித்தான். இவ்வளவும் நன்று. தொல்லை அதற்குப் பின்னரே ஆரம்பித்தது. அந்த மருந்து மாதந்தோறும் வேண்டும். அது மாதந்தோறும் கிடைக்கும் என்பதற்குத்தான் எவ்வித நிச்சயமும் இல்லை.

இந்நோயை வைத்தியர்கள் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்பர், சுருக்கமாக ஏ.டி.எச்.டி. என்று வழங்குகிறது. இது நாகரிக நகரங்கள் கண்டுபிடித்த புது நோய் என்று நம்மவர்களில் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறு. 1798-ம் வருஷத்திலேயே ஸ்காட்லாந்து தேசத்து வைத்தியர் அலெக்ஸாண்டர் கிரைட்டன் கவனம் நிலைக்காத தன்மையை ஒரு வியாதியாக விவரித்திருக்கிறார். 1902-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர் இத்தகைய குழந்தைகளைப் பற்றிப் பிரசங்கங்கள் செய்தார். உலகெங்கும் நடந்த பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பள்ளிப் பருவத்துக் குழந்தைகளில் 100-க்கு ஏறக்குறைய 5 பேருக்கு இது உண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படியானால் நாற்பது பிள்ளைகள் இருக்கும் ஒவ்வொரு வகுப்பிலும் சராசரியாக இரண்டு பேர் இருப்பார்கள். அவர்களைச் சோம்பேறி என்றும், துஷ்டன் என்றும், பெற்றோர் கெடுத்த பிள்ளை என்றும் பெயரிட்டுவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். வயது வந்தால் சரியாகிவிடும் என்பதும் முழு உண்மையன்று. பலருக்கு இது வாலிபத்திலும் அதற்குப் பின்னும் தொடர்கிறது.

இதற்கு வழங்கும் மருந்துகளில் முதன்மையானது மெதில்பெனிடேட் என்பது. 1944-ல் ஸ்விட்ஸர்லாந்தில் ஸிபா கம்பெனியைச் சேர்ந்த லியாண்ட்ரோ பானிஸோன் என்ற ரசாயன சாஸ்திரி இதைத் தயாரித்தார். மூளையில் கவனத்தை நிலைநிறுத்தும் சில ரஸங்கள் சீக்கிரம் வடிந்துபோகாமல் இது தடுக்கிறது. சாதாரண மாத்திரையின் பலன் சுமார் நான்கு மணி நேரம்; மெதுவாகக் கரையும் வகையின் பலன் பள்ளி நேரம் முழுவதும் நீடிக்கும். மறுநாள் மாத்திரை இல்லையெனில் மறுநாளே பழைய நிலைமை திரும்பிவிடும். காய்ச்சல் மருந்தைப்போல ஐந்து நாள் சாப்பிட்டு முடித்துவிடும் விஷயம் அல்ல இது. மூக்குக் கண்ணாடியைப்போல அணிந்திருக்கும் வரையில் உதவுவது. கண்ணாடியை மாதத்தில் பத்து நாள் பிடுங்கி வைத்துக்கொண்டு, பையன் ஏன் படிக்கவில்லை என்று கேட்பவரை நாம் என்னவென்று சொல்வோம்?

அப்படிப் பிடுங்கி வைப்பது யார் என்பதுதான் கேள்வி. சட்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மருந்துக் கடைக்காரர் சட்டத்தைக் காட்டுகிறார். டாக்டரும் சட்டத்தைக் காட்டுகிறார். ஆகையால் சட்டம் சொல்வது என்ன என்பதை முதலில் பார்ப்போம்.

மெதில்பெனிடேட் ஊக்கமூட்டும் மருந்து. நோயில்லாதவன் அதைத் தகாத அளவில் உட்கொண்டால் கெடுதல் உண்டாகும், பழக்கமும் பற்றிக்கொள்ளும். ஆகையால் 1971-ம் வருஷத்து ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையில் இது இரண்டாவது அட்டவணையில் சேர்க்கப்பட்டது. நம் நாட்டில் 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள், மனமயக்கப் பொருள் சட்டத்திலும் இதன் பெயர் இருக்கிறது. அதனுடன் 1945-ம் வருஷத்து மருந்து விதிகளைச் சேர்ந்த எக்ஸ் அட்டவணையிலும் இருக்கிறது. எக்ஸ் அட்டவணை மருந்தைச் சில்லறையில் விற்கத் தனி லைசென்ஸ் வேண்டும். டாக்டர் மருந்துச் சீட்டை இரண்டு பிரதிகளாக எழுதித் தரவேண்டும். அவற்றில் ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருஷம் பத்திரப்படுத்த வேண்டும். மருந்தைத் தனி அலமாரியில் பூட்டி வைக்கவேண்டும். விற்ற ஒவ்வொன்றையும் பக்க எண்ணிட்ட பதிவேட்டில் உடனுக்குடன் பதியவேண்டும்.

இவற்றில் எதையும் நாம் ஆக்ஷேபிக்கவில்லை. அபினால் ஒரு பெரிய தேசத்தையே சீரழித்த வியாபாரம் நம் நாட்டு மண்ணில் விளைந்த சரக்கைக் கொண்டே நடந்தது. அந்நிய ஆட்சி அபினையும் கஞ்சாவையும் லைசென்ஸ் கொடுத்து விற்று வருமானம் பார்த்தது. அதை எதிர்த்து நின்றவர்கள் தேச பக்தர்கள். நமது ஜில்லாவுக்கும் இதில் தனி அநுபவம் உண்டு. வருசநாட்டு மலைகளிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் கஞ்சாவினால் கெட்ட குடும்பங்களின் கதை இங்குள்ளோர் அறியாததல்ல. ஆகையால் போதைச் சரக்குக்குக் காவல் வேண்டாம் என்று தேனி ஜில்லாவில் நின்றுகொண்டு யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் காவல் எதற்காக? திருடன் வராமல் இருப்பதற்காக. வீட்டுக்காரனே உள்ளே நுழைய முடியாதபடி காவல் செய்தால், அந்தக் காவலால் யாருக்குப் பிரயோஜனம்?

சட்டமே இந்தப் பாகுபாட்டை நன்றாக அறிந்திருக்கிறது என்பதுதான் இதிலுள்ள விந்தை. 1985-ம் வருஷத்துச் சட்டத்தின் 8-வது பிரிவு, தடைகளை விதிக்கும் அதே வாக்கியத்தில் வைத்திய உபயோகத்துக்கும் விஞ்ஞான உபயோகத்துக்கும் விலக்கு அளிக்கிறது. அச்சட்டத்தின் கீழ் ஏற்பட்ட விதிகளில் 66-வது விதி இன்னும் தெளிவானது. ஒருவர் தமது சொந்த வைத்தியத்துக்காக இத்தகைய மருந்தில் 100 மாத்திரை வரையில் ஒரே சமயத்தில் வைத்திருக்கலாம் என்று அது சொல்கிறது. நீண்டகாலச் சிகிச்சை என்று டாக்டர் குறிப்பிட்டு எழுதியிருந்தால் 300 மாத்திரை வரையிலும் வைத்திருக்கலாம். நாளைக்கு இரண்டு மாத்திரை சாப்பிடும் பையனுக்கு 100 மாத்திரை ஐம்பது நாளைக்கு வரும். 300 மாத்திரை ஐந்து மாதத்துக்கு வரும். நாளைக்கு ஒன்று போதுமெனில் பத்து மாதத்துக்கே வரும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மருந்து விதிகளில் 65-வது விதி, ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான் மருந்து தரலாம் என்று பொதுவாகக் கூறிவிட்டு, டாக்டர் அதே சீட்டில் இத்தனை தடவை, இத்தனை நாளைக்கு ஒரு முறை தரலாம் என்று எழுதியிருந்தால் அதன்படி தரலாம் என்றும் இடம் கொடுக்கிறது. ஆக, மாதந்தோறும் தறியை நிறுத்திவிட்டு, பையனுடைய பள்ளியையும் நிறுத்திவிட்டு, ஏறக்குறைய 60 கிலோமீட்டர் போய் ஒரு புதுச் சீட்டு வாங்கி வரவேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டளையிடவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டார் என்ற பழமொழி இவ்விஷயத்தில் அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது.

பூசாரிகள் யார் யார் என்று விசாரித்தால் ஒருவரை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை.

மருந்துக் கடைக்காரரை எடுத்துக்கொள்வோம். சிற்றூரில் இந்த மருந்தை வாங்குவோர் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களுக்காகத் தனி லைசென்ஸ், தனி அலமாரி, தனிப் பதிவேடு, அவற்றோடு தணிக்கைக்கு வரும் அதிகாரியின் கேள்விகள் ஆகிய இத்தனையையும் தலையில் ஏற்றிக்கொள்வதால் அவருக்கு என்ன லாபம்? கஞ்சா வழக்குகளுக்குப் பெயர்போன பிரதேசத்தில், போதைப்பொருள் சட்டம் என்ற பெயரைக் கேட்டதுமே கை நடுங்குவது இயற்கை. "அந்தச் சரக்கு நாங்கள் வைப்பதில்லை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவது அவருக்குச் சுலபம். ஆகவே லைசென்ஸ் உள்ள கடைகள் பெரும்பாலும் பெரிய நகரங்களிலும் பெரிய ஆஸ்பத்திரிகளை ஒட்டியும் அமைந்துவிடுகின்றன. அங்கும் சரக்கு தீர்ந்துவிட்டால் அடுத்த வாரம் வா என்பதுதான் பதில்.

டாக்டருடைய நிலைமையும் இதுதான். முப்பது மாத்திரைக்குமேல் எழுதினால் தமக்கு ஏதேனும் விபரீதம் வருமோ என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. விதியை வாசித்துப் பார்த்தால் அச்சம் நீங்கும். ஆனால் கூட்டம் நிரம்பிய ஆஸ்பத்திரியில் விதிப் புஸ்தகம் வாசிக்க யாருக்கு அவகாசம்?

மூன்றாவது, மத்திய சர்க்கார். 2020-ம் வருஷம் மார்ச் மாதம் 25-ந் தேதி தொலைவைத்தியத்துக்கான நெறிமுறைகளை வெளியிட்டார்கள். நோயாளி தம் ஊரில் இருந்துகொண்டே டாக்டருடன் பேசி மருந்துச் சீட்டுப் பெறலாம் என்ற அந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடு. ஆனால் எக்ஸ் அட்டவணை மருந்துகளையும் மனமயக்கப் பொருள்களையும் அவ்விதம் எழுதித் தரக்கூடாது என்று அதில் தடை இருக்கிறது. முதன் முறை நோயைக் கண்டறிய நேரில் பார்க்க வேண்டும் என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். இரண்டு வருஷமாக அதே டாக்டரிடம், அதே மருந்தை, அதே அளவில் சாப்பிட்டுவரும் பையனும் ஒவ்வொரு முறையும் நேரில் வந்துதான் ஆகவேண்டுமா? இதற்கு நியாயமான பதில் எங்கும் காணோம்.

இப்பொழுது ஒரு பழைய பாடத்தை நினைவூட்ட விரும்புகிறோம். 1985-ம் வருஷத்துச் சட்டம் அமலுக்கு வந்தது அவ்வருஷம் நவம்பர் 14-ந் தேதி. அது குழந்தைகள் தினம். 1857, 1878-ம் வருஷங்களின் அபின் சட்டங்களும், 1930-ம் வருஷத்து அபாய மருந்துச் சட்டமும் அன்றோடு ஒழிந்தன. புதுச் சட்டத்தின் கடுமையால் மிகுந்த கஷ்டத்துக்கு உள்ளானவர்கள் புற்றுநோயாளிகள். அவர்களுடைய தாங்கொணா வலிக்கு மார்ஃபின் ஒன்றே மருந்து. அதை வாங்கவும் வைத்திருக்கவும் ஒவ்வொரு ராஜ்யத்திலும் பல லைசென்ஸுகள் வேண்டியிருந்தன. ஒன்று கைக்கு வருமுன் மற்றொன்று காலாவதியாகிவிடும். விளைவு என்ன? தேசத்தில் வைத்தியத்துக்கு உபயோகமான மார்ஃபினின் அளவு நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்குமேல் குறைந்து, 1997-ல் சுமார் 18 கிலோவாகச் சுருங்கிற்று. உலகத்துக்கே அபின் விளைவித்துத் தரும் தேசத்தில் நம் ஜனங்கள் வலியால் துடித்து இறந்தார்கள்.

இக்கொடுமை தானாகத் தீரவில்லை. கேரளத்து டாக்டர் எம். ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருஷக்கணக்காக அதிகாரிகளின் வாசலில் ஏறி இறங்கினார்கள். சுப்ரீம் கோர்ட்டுக்கும் விஷயம் போயிற்று. 2014-ல் பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்தி, அத்தியாவசியப் போதை மருந்துகள் என ஒரு பிரிவை ஏற்படுத்திற்று. தேசம் முழுமைக்கும் ஒரே மாதிரியான விதியும், அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிக்கு ஒரே அநுமதியும் போதும் என்றாயிற்று. இதனால் போதை வியாபாரம் பெருகிவிடவில்லை. நோயாளிகளின் வழியிலிருந்த முள் மட்டும் அகன்றது. புற்றுநோயாளிக்குச் செய்த இந்த நியாயத்தை, வலியென்று வாய்விட்டு அழத் தெரியாத பள்ளிப் பிள்ளைக்கும் செய்யக்கூடாதா?

சர்க்காரின் வார்த்தையையும் செய்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முரண்பாடு இன்னும் தெளிவாகும். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி டாக்டர் குழுக்கள் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் சென்று பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். அக்குழுக்கள் தேடவேண்டிய குறைபாடுகளின் ஜாபிதாவில் ஏ.டி.எச்.டி.யும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது. அதாவது, சர்க்காரே பையனைத் தேடி வந்து, உனக்கு இந்நோய் இருக்கிறது என்று சொல்கிறது. சொல்லிவிட்டு, மருந்துக்கு நீ அலைந்துகொள் என்கிறது.

2017-ம் வருஷத்து மனநலச் சிகிச்சைச் சட்டம் இன்னும் பெரிய வாக்குறுதி அளித்திருக்கிறது. அதன் 18-வது பிரிவு, மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொரு பிரஜையின் உரிமை என்று பிரகடனம் செய்கிறது. குழந்தைகளுக்கான மனநலச் சேவையும் அதில் அடக்கம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துகளைச் சமுதாய சுகாதார நிலையம் முதற்கொண்டு மேலுள்ள சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் எந்நேரமும் இலவசமாகத் தரவேண்டும் என்றும், ஜில்லாவில் குறைந்தபட்சச் சேவை கிடைக்காவிடில் அந்த ஜில்லாவிலேயே வேறிடத்தில் பெறும் சிகிச்சைச் செலவை சர்க்கார் ஏற்கவேண்டும் என்றும் அப்பிரிவு விதிக்கிறது. 2018-ம் வருஷம் மே மாதம் அமலுக்கு வந்த சட்டம் இது. ஆண்டிபட்டியில் இதைப் படித்துக் காட்டுவார் யார்?

தமிழ்நாட்டின் பெருமையையும் சொல்லாமல் விடக்கூடாது. 1994-ல் ஏற்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து கொள்முதலில் பிற ராஜ்யங்களுக்கு வழிகாட்டியாக விளங்கியது. ஜில்லாதோறும் கிடங்கு, ஆஸ்பத்திரிதோறும் பாஸ் புத்தகம் என்ற அதன் முறையை வெளியார் வந்து கற்றுப் போயிருக்கிறார்கள். 2021-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில் ரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள் கிழவர்களின் வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கப்பட்டன. தாத்தாவின் மாத்திரையை வாசலில் கொண்டுவந்து தரும் சாமர்த்தியம் உள்ள ராஜ்யத்துக்கு, பேரனுடைய மாத்திரையைத் தாலூக்காத் தலைநகரில் வைத்துக் கொடுக்க முடியாது என்றால் நாம் நம்புவதற்கில்லை. முடியும். மனம் வைக்கவில்லை என்பதே உண்மை.

இனி எதிர்வாதங்களைக் கவனிப்போம். குழந்தைக்கு மூளை மருந்து கொடுப்பதே தவறு என்பர் சிலர். அவர்களுடைய கவலை அலட்சியப்படுத்தத்தக்கதன்று. இம்மருந்தால் பசி குறைவதும், தூக்கம் கெடுவதும் உண்டு. நாடியும் ரத்த அழுத்தமும் சற்று ஏறலாம். ஆகையால் உயரத்தையும் எடையையும் அளந்து பார்த்து வரவேண்டும். எல்லாக் குழந்தைகளுக்கும் இது ஏற்றதல்ல. மிகச் சிறு குழந்தைகளுக்குப் பெற்றோர் பயிற்சியே முதல் சிகிச்சை. உலக சுகாதார ஸ்தாபனம் 2019-லும் 2021-லும் தன்னுடைய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்க்க மறுத்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நீண்டகாலப் பலன்களைப் பற்றி இன்னும் நல்ல ருசு வேண்டும் என்றே அவர்கள் சொன்னார்கள். ஆனால் இவையெல்லாம் டாக்டரும் பெற்றோரும் ஆலோசித்து முடிவு செய்யவேண்டிய விஷயங்கள். அவ்விதம் ஆலோசித்து, கொடுப்பது நலம் என்று முடிவு செய்த பிறகு, கொடுக்காமல் தடுப்பது கடையில் சரக்கின்மையாகவும் பஸ் செலவாகவும் இருக்கலாமா? அதை வைத்திய ஜாக்கிரதை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

வேறு மருந்து இல்லையா என்று கேட்பவரும் உண்டு. அடமாக்ஸெடின் என்ற மருந்து எக்ஸ் அட்டவணையில் சேராதது. சாதாரணச் சீட்டில் கிடைக்கும். அது பொருந்துகிறவர்களுக்கு நல்லது. அதன் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். எல்லோருக்கும் அது பொருந்துவதில்லை. ஒரு மருந்து கிடைப்பது சுலபம் என்பதற்காகப் பொருந்தாததைச் சாப்பிடச் சொல்வது, கால் அளவைப் பாராமல் கடையில் மலிந்த செருப்பை வாங்கச் சொல்வது போலாகும்.

மருந்தைத் தளர்த்தினால் மாணவர்கள் பரீட்சைக் காலத்தில் விழித்திருக்க வாங்கித் தின்பார்கள் என்பது மூன்றாவது வாதம். இந்த ஆபத்து மெய்யானதே. ஆனால் நாம் பூட்டை உடைக்கச் சொல்லவில்லை. இரட்டைச் சீட்டும் இருக்கட்டும், பதிவேடும் இருக்கட்டும். தவறான சீட்டுக்கு மருந்து விற்கும் கடையின் லைசென்ஸைப் பறிமுதல் செய்யட்டும். சரியான சீட்டுக்கு மருந்து உண்டு என்ற நிச்சயமே நாம் கேட்பது. இம்மருந்தை மிக அதிகமாக உபயோகிக்கும் தேசமாகிய அமெரிக்காவில் இரண்டாம் அட்டவணை மருந்துச் சீட்டைத் திரும்ப உபயோகிக்கக் கூடாது என்று கண்டிப்பான சட்டம் உண்டு. அங்குங்கூட, ஒரே தடவையில் 90 நாளைக்கு உரிய சீட்டுகளை முன்னதாகவே எழுதிக் கொடுக்க டாக்டர்களுக்கு 2007 முதல் அநுமதி இருக்கிறது. அத்தேசத்திலும் 2022 அக்டோபரில் இவ்வகை மருந்துகளில் ஒன்றுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, பெற்றோர்கள் கடை கடையாக அலைந்தார்கள். தட்டுப்பாடு என்றால் என்ன என்பதை அவர்கள் அப்பொழுதுதான் அறிந்தார்கள். இங்கே அது தினசரி வாழ்க்கை.

செய்யவேண்டுவது என்ன? நமது அபிப்பிராயத்தில் ஐந்து காரியங்கள் அவசியம்.

முதலாவது, ஒவ்வொரு தாலூக்காவிலும் சர்க்கார் ஆஸ்பத்திரியின் மருந்தகத்திலேனும் இம்மருந்து இருப்பு வைக்கப்படவேண்டும். ஒரு தாலூக்காவில் இருபது முப்பது பிள்ளைகள் பதிவாகியிருந்தால், இரண்டு மாதத் தேவை எவ்வளவு என்று கணக்கிடக் கணித மேதை வேண்டியதில்லை. தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே ஆண்டிபட்டித் தாலூக்காவில் க. விலக்கில் அமைந்திருக்கிறது. நம் தாலூக்காவுக்கு இருக்கும் இந்த அதிர்ஷ்டம் எல்லாத் தாலூக்காக்களுக்கும் இல்லை. ஆகவே மாதிரித் திட்டத்தை இங்கேயே தொடங்குவது எளிது.

இரண்டாவது, 65-வது விதியும் 66-வது விதியும் அநுமதிப்பதைத் தெளிவாக எடுத்துரைத்து, டாக்டர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் மருந்து இன்ஸ்பெக்டர்களுக்கும் சுற்றறிக்கை ஒன்று தமிழில் அனுப்பவேண்டும். நிலைத்த நோயாளிக்கு மூன்று மாத மருந்து தருவது குற்றமல்ல என்பதை அதிகாரியே எழுத்தில் சொல்லிவிட்டால் பாதிப் பயம் தீரும்.

மூன்றாவது, எக்ஸ் அட்டவணை லைசென்ஸ் பெறச் சிற்றூர்க் கடைக்காரர்களை ஊக்கப்படுத்த வேண்டும். தாலூக்காவுக்கு ஒரு கடையாவது பெறும்படி செய்து, அக்கடைகளின் பெயரை ஜில்லா ஆஸ்பத்திரியில் எழுதி ஒட்டவேண்டும். எங்கே கிடைக்கும் என்று தெரிந்தாலே பாதி அலைச்சல் மிச்சம்.

நான்காவது, மத்திய சர்க்கார் தொலைவைத்திய நெறிமுறையைத் திருத்தி, நேரில் ஒரு தடவை கண்டறியப்பட்டு மருந்தளவு நிலைத்துவிட்ட நோயாளிக்கு, அதே டாக்டர் தொலைவிலிருந்து சீட்டைப் புதுப்பிக்க இடம் தரவேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் பார்த்து எடையும் ரத்த அழுத்தமும் அளக்கவேண்டும் என்று நிபந்தனை வைத்தால் ஜாக்கிரதைக்கும் குறைவிராது.

ஐந்தாவது, உபாத்தியாயர்களுக்கு இந்நோயைப் பற்றிப் போதிக்கவேண்டும். மருந்து கிடைத்தாலும் பிரம்பு கிடைத்துக்கொண்டிருந்தால் பையன் தேறமாட்டான்.

இவற்றில் எதற்கும் கோடிக்கணக்கான பணம் தேவையில்லை. 2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வு, மனோவியாதியுள்ளவர்களில் 100-க்கு 70 முதல் 92 பேர் வரையில் தக்க சிகிச்சை பெறவில்லை என்று கண்டது. அந்தப் பெரும் பள்ளத்தை ஒரே நாளில் நிரப்பிவிட முடியாது. ஆனால் நாம் சொல்லும் பையன் பள்ளத்தின் மறு கரையை அடைந்துவிட்டவன், டாக்டரைக் கண்டவன், நோயும் மருந்தும் அறிந்தவன். அவனையும் மாதந்தோறும் பள்ளத்தில் தள்ளுகிறோமே என்பதுதான் வேதனை.

தேச ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. ரோட்டுக்கும் குழாய்க்கும் மனுக் கொடுக்கிறோம். அது நம் கடமை. மதுரையிலிருந்து தேனிக்குப் போகும் ரயில், தண்டவாளத்தை அகலமாக்குவதற்காக 2010-ம் வருஷ முடிவில் நின்று, 2022 மே மாதத்தில்தான் மறுபடி ஓடிற்று. இடைப்பட்ட வருஷங்களில் இப்பக்கத்து ஜனங்கள் அதற்காகக் கேளாத இடமில்லை. கேட்டுக் கேட்டுத்தான் பெற்றார்கள். மாத்திரைக்காக அலையும் பெற்றோர்களோ கூட்டம் போடமாட்டார்கள்; ஊர்வலம் வரமாட்டார்கள். பிள்ளைக்குப் பைத்தியம் என்று ஊர் பேசுமே என்ற அச்சத்தால் அடுத்த வீட்டாருக்கும் தெரியாமல் பஸ் ஏறுகிறவர்கள் அவர்கள். வாய் இல்லாதவர்களுக்கு வாயாக இருப்பதுதானே பொது ஊழியம்? கிராம சபை கூடும்போது ஒருவர் எழுந்து, நம் தாலூக்காவில் இந்த மருந்து எங்கே கிடைக்கிறது என்று கேட்கட்டும். சட்டசபை அங்கத்தினரைச் சந்திக்கும்போது அதே கேள்வியைக் கேட்கட்டும். மனநல உதவிக்கென 2022 முதல் ஏற்பட்டிருக்கும் 14416 என்ற டெலிபோன் எண்ணைப் பள்ளிச் சுவரில் எழுதி வைக்கட்டும்.

1984-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் நியூயார்க் நகரத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்த எம்.ஜி.ஆரை, ஒரு நாள்கூட ஓட்டுக் கேட்டு வராதபோதிலும், சட்டசபைக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பியது இதே ஆண்டிபட்டிதான். நோயாளியைக் கைவிடாத ஊர் என்று அன்று பெயர் வாங்கிற்று. ஏழு கடல் தாண்டியிருந்த நோயாளிக்காக அன்று உருகிய ஊர், தன் தெருவிலேயே இருக்கும் ஒன்பது வயது நோயாளிக்காக இன்று ஒரு கேள்வி கேட்கவேண்டும். அலமாரிக்குப் பூட்டு இருக்கட்டும். சாவி ஆண்டிபட்டியிலும் ஒன்று இருக்கட்டும்.